கோடைத் திருமணத்துக்கு வெள்ளை உடுத்தலாமா? பாலக்காடு, இடுக்கி எல்லைப்புறத்தில் விருந்தினர் உடையின் வரலாறு

சித்திரையில் பாலக்காட்டுச் சமவெளி 40 டிகிரி வெப்பத்தைத் தொடுவது இன்று வியப்பான செய்தியன்று. மேற்குத் தொடர்ச்சி மலை ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விலகி நிற்கும் கணவாய் வழியே கொங்கு நாட்டின் வறண்ட காற்று கேரளத்துக்குள் நுழைகிறது. அந்தக் காற்றில் பந்தலிட்டு நடக்கும் திருமணத்துக்கு விருந்தினராகச் செல்பவர் எதை உடுத்துவது? வெயிலை மட்டும் கணக்கிட்டால் விடை எளிது: மெல்லிய, வெளிறிய நிறப் பருத்தி. சிற்றூர் வட்டத்தில் நடக்கும் ஒரு திருமணத்துக்கு ஒற்றப்பாலத்திலிருந்து வரும் மலையாளப் பெண்மணி ஏறத்தாழ அப்படித்தான் வருவார். பொன்னிறக் கரையிட்ட, கஞ்சி போட்டுத் தேய்த்த செட்டுமுண்டு அவருடைய உடை. அதே பந்தலுக்குக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து வரும் தமிழ்ப் பெண்மணி அடர்ந்த அரக்கு அல்லது பச்சை நிறத்தில், பெரும்பாலும் பட்டில், வியர்த்து வழிய அமர்ந்திருப்பார். அவருக்கு வெயில் தெரியாமல் இல்லை. வெள்ளைச் சேலையுடன் கல்யாண வீட்டுப் படியேறுவது அவர் வளர்ந்த வீட்டில் அமங்கலம்.

ஒரே பந்தலுக்குள் ஒரே நிறம் ஒருவருக்கு மங்கலமாகவும் மற்றவருக்கு இழவின் அடையாளமாகவும் இருப்பதை ‘பண்பாட்டு வேறுபாடு’ என்று சொல்லிக் கடந்துவிடுவது வழக்கம். அது விளக்கமாகாது. வேறுபாடு எவ்வாறு உண்டாயிற்று, யாருக்கு எந்த நிறம் விதிக்கப்பட்டது, யாருக்கு எது மறுக்கப்பட்டது என்ற கேள்விகள் அதனடியில் கிடக்கின்றன. இந்திய உடை வரலாற்றை எழுதிய பெர்னார்ட் கோன், எம்மா டார்லோ ஆகியோர் உடையை அதிகாரத்தின் மொழியாக வாசிக்கக் கற்றுத் தந்தனர். ஆயினும் அவ்வகை ஆய்வுகளில் அரசவை, அலுவலகம், தேசிய இயக்கம் ஆகியவை பெற்ற இடத்தை, அழைப்பின்பேரில் பிறர் வீட்டுக்குச் செல்லும் சாதாரண விருந்தினர் பெறவில்லை. மணமக்களின் உடையைச் சடங்கு தீர்மானிக்கிறது. விருந்தினரின் உடையைத் தீர்மானிப்பது எது என்பது இன்னும் சிக்கலான வினா.

திருமணங்கள் கோடையில் குவிவதற்குக் காரணம் வேளாண்மையும் மழையும்தான். பாலக்காட்டில் முண்டகன் அறுவடை தை, மாசியில் முடிந்துவிடும். களஞ்சியத்தில் நெல்லும் கையில் பணமும் வயலில் வேலையின்மையும் ஒருங்கே வாய்ப்பது அதன் பிறகு. இடவத்தின் நடுவில் பருவமழை இறங்கினால் ஓலைப் பந்தல் தாங்காது. கர்க்கடகம் பஞ்ச மாதம், ஆகாத மாதம். தமிழருக்கோ ஆடி ஆகாது, மார்கழி ஆகாது. இரண்டு நாட்காட்டிகளும் விட்டுக்கொடுத்த இடைவெளியில் பங்குனி முதல் வைகாசி வரையிலான நாட்கள் எஞ்சுகின்றன. பின்னாளில் பள்ளி விடுமுறையும் அதே மாதங்களில் வந்து சேர்ந்துகொண்டது.

மலையாள நாட்டின் மணமுறைகளில் துணி வெறும் அலங்காரமன்று. மருமக்கத்தாய நாயர் சமூகத்தில் ஆண் பெண்ணுக்குப் புடவை கொடுப்பதே மணம். அதன் பெயரே ‘புடவகொட’. வட மலபாரில் ‘புடமுறி’ என்ற பெயரும் உண்டு. 1891இல் சர் டி. முத்துசாமி ஐயர் தலைமையில் அமைந்த மலபார் திருமண ஆணையத்தின் முன் எழுந்த பெரிய விவாதங்களில் ஒன்று, ஒரு துணியைக் கொடுத்து ஏற்படும் உறவைச் சட்டப்படியான திருமணம் எனக் கொள்ளலாமா என்பது. பாலக்காட்டு மங்கரையைச் சேர்ந்த சி. சங்கரன் நாயரின் முயற்சியால் 1896இல் மலபார் திருமணச் சட்டம் வந்தது. அதன்கீழ்ப் பதிவு செய்துகொண்டோர் மிகச் சிலரே. துணி கொடுத்தாயிற்று, ஊர் பார்த்தாயிற்று. சர்க்கார் தாளுக்கு என்ன வேலை என்று பெரும்பாலோர் இருந்துவிட்டனர். அவ்வாறு ஊர் பார்க்கக் கொடுத்த துணி வெள்ளை. அதைக் கண்டு சாட்சியாக நின்ற விருந்தினர் உடுத்தியிருந்ததும் வெள்ளை.

‘கோடி’ என்ற சொல்லையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். புதுத்துணி என்னும் பொருளில் தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவான சொல் அது. மலையாளத்தில் ஓணக்கோடி என்றால் மகிழ்ச்சி. சிரியன் கிறித்தவத் திருமணத்தில் மணமகன் மணமகளுக்குப் போர்த்தும் சேலை மந்திரகோடி. தமிழில் திருமணத்துக்கும் கோடி உண்டு, இழவுக்கும் கோடி உண்டு. கணவனை இழந்த மகளுக்குத் தாய்வீட்டார் கொண்டுவந்து போடுவதும் கோடிதான். எனவே பல தமிழ்க் குடும்பங்களில் அந்தச் சொல்லைக் கேட்டதும் மனம் சற்றுத் துணுக்குறும். சொல் ஒன்றாக இருந்தும் நினைவுகள் இரண்டாகப் பிரிந்துவிட்டன.

பிரிவின் காரணம் கைம்மையில் இருக்கிறது. கொங்கு வேளாளர் சமூகத்தில் கணவனை இழந்த பெண் வெள்ளைச் சேலை உடுத்துவது அண்மைக்காலம்வரை கட்டாய வழக்கம். பாலக்காட்டுக்குக் கிழக்கே, சிற்றூர் வட்டத்தின் தமிழ்க் கிராமங்களில் வாழும் கவுண்டர் குடும்பங்கள் அந்த வழக்கத்தோடுதான் இப்பகுதியில் வேளாண்மை செய்துவந்தன. கல்பாத்தி முதலான அக்கிரகாரங்களில் விதவையின் உடை நார்மடி அல்லது வெள்ளை, காவி நிறப் புடவை. ரவிக்கை இல்லை, தலைமுடியும் இல்லை. இரு சமூகங்களிலும் வெள்ளை என்பது மணப்பந்தலிலிருந்து விலக்கப்பட்டவளின் சீருடை. சுமங்கலியான விருந்தினர் அடர்ந்த வண்ணம் உடுத்தியே தீரவேண்டும் என்ற விதி, விதவைக்கு வெள்ளை விதிக்கப்பட்டதன் மறுபக்கம். ஒருத்தியின் நிறத்தைப் பறித்தபின் மற்றவளுக்கு நிறம் கடமையாகிவிடுகிறது. கல்பாத்தி விசுவநாதசுவாமி கோயிலின் தொடக்கத்தை மரபு 15ஆம் நூற்றாண்டில் காசியிலிருந்து லிங்கம் கொணர்ந்த லட்சுமி அம்மாள் என்ற பிராமண விதவையோடு இணைக்கிறது. கோயில் எழும்பக் காரணமானவளாக ஒரு விதவையைப் போற்றும் தெருவில், பிற்காலத்து விதவைகள் திருமணத்தன்று அடுக்களைக்கு அப்பால் வரமுடியாமல் இருந்தனர்.

கடுங்கோடையிலும் பட்டு ஏன் என்ற கேள்விக்கும் அக்கிரகாரத்தில் ஒரு விடை உண்டு. பருத்தி தீட்டை எளிதில் ஏற்கும். அதைத் துவைத்து, யார் கையும் படாமல் கொடியில் உலர்த்தி எடுத்தால்தான் மடி. பட்டு அவ்வளவு எளிதில் தீட்டாவதில்லை என்பது ஆசாரம். உறவினர் நெருக்கியடிக்கும் திருமண வீட்டில் ஈர மடிக்கு வழி ஏது? பட்டு அங்கே செல்வத்தின் அறிகுறி மட்டுமன்று, நடைமுறைச் சௌகரியமும்கூட. பிராமணரல்லாத வீடுகள் பிற்காலத்தில் பட்டை ஏற்றபோது இந்தக் காரணம் உடன் வரவில்லை. பட்டும் வியர்வையும் மட்டும் வந்தன.

மலையாளப் பக்கத்தில் நிலை வேறு. நாயர் பெண்களில் திருமணமானவளும் துணையை இழந்தவளும் ஒரே வெள்ளை முண்டையே உடுத்தினர். சம்பந்தம் முறிந்தால் வேறொன்று அமையக்கூடிய தாய்வழிச் சமூகத்தில் கைம்மைக்கென ஒரு நிறம் தேவைப்படவில்லை. நம்பூதிரி அந்தர்ஜனங்களின் வாழ்க்கை அப்படி இலகுவானதன்று. மறைக்குடைக்குள் ஒடுங்கிய வாழ்க்கை அது, விதவைக்கு மறுமணம் கிடையாது. எனினும் அங்கேயும் விதவையை அடையாளம் காட்டியது தாலியின் இன்மையே தவிரத் துணியின் நிறமன்று. சுமங்கலியும் வெள்ளைதான் உடுத்தினாள். இன்றைய பாலக்காடு மாவட்டத்து மேழத்தூரைச் சேர்ந்த வி.டி. பட்டதிரிப்பாடு முன்னின்று 1934இல் நடத்திய முதல் நம்பூதிரி விதவைத் திருமணத்தில் உமா அந்தர்ஜனத்தை எம்.ஆர். பட்டதிரிப்பாடு மணந்தார். அந்தத் திருமணத்துக்குச் செல்வதே சமூக விலக்கை வலிய வரவழைத்துக்கொள்வதாகும். அன்று விருந்தினரிடம் ஊர் கேட்ட கேள்வி எதை உடுத்திச் சென்றாய் என்பதன்று, சென்றாயா என்பதே. வெள்ளையிலிருந்து வண்ணத்துக்கு ஒரு விதவையை மீட்கும் காட்சி தமிழ்ச் சீர்திருத்தக் கதைகளில் திரும்பத் திரும்ப வரும். மேழத்தூர்க்காரர்களின் போராட்டத்தில் அந்தக் காட்சிக்கு இடமே இல்லாமல் போனது இதனால்தான்.

ஆகவே கேரளத்தின் வெள்ளை மங்கலமாக நிலைத்ததற்குக் காரணம், அது யாரையும் விதவை என்று சுட்டிக்காட்டப் பயன்படாமல் இருந்ததே. அழகுணர்வு, எளிமை, இயற்கையோடு இயைந்த வாழ்வு என்று சுற்றுலாத் துறைக் கையேடுகள் சொல்லும் காரணங்களுக்கு இதன்முன் எடை குறைவு.

இந்த வெள்ளையை நெய்தவர் யார் என்று பார்த்தால் கதை மேலும் திருகுகிறது. பாரதப்புழையும் காயத்ரிப்புழையும் கூடும் இடத்துக்கு அருகில், திருவில்வாமலையை ஒட்டி, பாலக்காட்டு எல்லையில் இருக்கிறது குத்தாம்புள்ளி. அங்குள்ள நெசவாளர் தேவாங்கச் செட்டியார். மைசூர்ப் பகுதியிலிருந்து கொச்சி அரச குடும்பத்தால் அழைத்துவரப்பட்டவர்கள் என்பது மரபு. வீட்டில் பேசுவது கன்னடம். தெற்கே பலராமபுரத்தில் தறியைக் கொண்டுவந்தவர்கள் பாலராம வர்மா ஆட்சிக்காலத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து குடியேற்றப்பட்ட சாலியர். ‘கேரளத் தனித்தன்மை’ என்று புவிசார் குறியீடு பெற்ற துணிகளைக் கன்னடமும் தமிழும் பேசியவர்கள் நெய்தார்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கணவாயின் கிழக்குவாயிலில், கோவை, பொள்ளாச்சி வட்டாரங்களிலும் தேவாங்கர் தறி ஓட்டினர். அங்கே அவர்கள் நெய்தது அடர்நிறச் சேலைகள். அதே சமூகம், ஒரே வகைக் குழித்தறி, ஏறத்தாழ ஒரே நூல். இரண்டு மூன்று நாள் நடைத் தொலைவில் சாயத் தொட்டி மட்டும் வேறாயிற்று. வெள்ளையோ வண்ணமோ நெசவாளரின் மரபில் உறைந்திருக்கவில்லை. வாங்குவோரின் சமூக ஒழுங்கு அதைத் தீர்மானித்தது.

நெய்தவருக்கு அடுத்து வெளுத்தவர். மலபாரில் பிறப்பு, பூப்பு, இறப்புத் தீட்டுகள் நீங்க வண்ணாத்தி கொண்டுவந்து தரும் வெளுத்த துணிக்கு ‘மாற்று’ என்று பெயர். அதை அவள் தர மறுத்தால் உயர்சாதி வீட்டின் தீட்டு கழியாது; ஒரு குடும்பத்தை ஊர் விலக்கிவைக்க விரும்பினால் மாற்றை நிறுத்தும் உத்தியையும் பயன்படுத்தியது. தமிழ்நாட்டிலும் வண்ணார் மாத்து உண்டு. திருமணப் பந்தலின் மேற்கட்டியும் நடைபாவாடையும் அவர் பொறுப்பு. அவரிடம் வெளுக்க வந்த பிறர் துணி விசேஷ நாட்களில் வாடகைக்குக் கைமாறியதையும் 1909இல் வெளிவந்த தம் சாதிகள் குறித்த தொகுதிகளில் எட்கர் தர்ஸ்டன் பதிவு செய்திருக்கிறார். ‘இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறியாதே’ என்ற பழமொழி வெறும் உவமையாகப் பிறந்ததன்று. இன்று ஒப்பனைக் கூடங்களில் பட்டையும் நகையையும் ஒருநாள் வாடகைக்கு எடுப்போரைக் காலக் கோளாறு என்று கடிந்துகொள்பவர்கள் அந்தப் பழைய கைமாற்றை நினைவில் கொள்வது நல்லது.

இதுவரை பேசியவை துணி வாங்கவும் உடுத்தவும் தடையில்லாதவர்களின் கதை. ‘எதை உடுத்துவது’ என்ற தயக்கம் அவர்களுக்கே உரிய சுகம். எல்லைப்புறத்து மக்களில் பெரும்பகுதியினருக்கு அந்தக் கேள்வி எழவே முடியாதிருந்தது.

பீர்மேடும் தேவிகுளமும் அடங்கியிருந்த திருவிதாங்கூரில் நாடார் முதலான சாதியினர் குடை பிடிக்கவும் செருப்பணியவும் பொன் நகை பூணவும் தடை இருந்ததைச் சாமுவேல் மேட்டீர் போன்ற மிஷனரிகள் எழுதிவைத்தனர். தோள்சீலைப் போராட்டம் பலரும் அறிந்தது: 1813இல் கர்னல் மன்றோ கிறித்தவப் பெண்களுக்குக் குப்பாயம் அணிய அனுமதித்தது, 1829இன் அரச ஆணை குப்பாயத்தை ஒப்புக்கொண்டு மேல்சீலையை மறுத்தது, 1858–59இன் கலவரங்கள், சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் கொடுத்த அழுத்தம், 1859 ஜூலை 26இன் ஆணை. அந்தக் கடைசி ஆணையைக் கூர்ந்து படிப்பவர் குறைவு. நாடார் பெண்கள் குப்பாயம் அணியலாம். முக்குவப் பெண்களைப்போல முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம். வேறு எவ்வகையிலும் மார்பை மறைக்கலாம். ஆனால் உயர்சாதிப் பெண்களைப்போல உடுத்தக் கூடாது. மறைக்கும் உரிமை கிடைத்தது, ஒப்பாகும் உரிமை கிடைக்கவில்லை. மெல்லிய வெள்ளை நேரியதைத் தோளில் இட்டுக்கொண்டு பொதுப் பந்தலில் தோன்றுவது அந்த ஆணைக்குப் பின்னும் தடைக்குள்ளேயே நின்றது. ஆண்களின் மேல்துண்டுக்கும் இதே கதி. மேலோரைக் கண்டால் அது தோளிலிருந்து இடுப்புக்கோ கக்கத்துக்கோ இறங்க வேண்டும். 1893இல் அய்யங்காளி வெள்ளை வேட்டியும் மேலாடையும் தலைப்பாகையுமாக வில்லுவண்டியில் பொதுச்சாலையில் சென்றது பெரும் அடிதடியில் முடிந்ததற்கு, வண்டியைப் போலவே உடையும் காரணம்.

தமிழ்ப் பகுதியில் எழுதப்பட்ட தடைப்பட்டியல் ஒன்று இன்னும் பிற்பட்டது. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் கள்ளர்கள் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகளை விதித்தனர்; ஜே.எச். ஹட்டன் அவற்றை வரிசையாகப் பதிவு செய்திருக்கிறார். ஆண்களின் வேட்டி முழங்காலுக்குக் கீழோ இடுப்புக்கு மேலோ வரக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ கொண்டு மேலுடலை மறைக்கக் கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. வெயிலுக்கும் மழைக்கும் குடை கூடாது, காலில் செருப்புக் கூடாது. அடுத்த ஆண்டு அந்தப் பட்டியல் பதினொன்றாக நீண்டபோது, அவர்களுடைய திருமணங்களில் மேளம் கூடாது, ஊர்வலத்தில் குதிரை கூடாது என்பனவும் சேர்ந்தன. சித்திரை வெயிலில் செருப்பும் குடையும் இல்லாமல், முழங்காலுக்கு மேல் ஏறிய துணியோடு உறவுக்காரர் திருமணத்துக்கு நடந்து செல்லும் ஒருவரிடம் கோடைக்கேற்ற உடை பற்றிப் பேசுவது எத்தகைய கேலி!

1877இல் பூஞ்ஞாறு அரசரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ பெற்ற கண்ணன்தேவன் மலைகளுக்குத் தேயிலை வந்தபின், கங்காணிகள் வழியாக ஏறிவந்த தொழிலாளர்களில் பெரும்பாலோர் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் பக்கத்துத் தலித் மக்கள். தடைப்பட்டியல் நடைமுறையில் இருந்த ஊர்களும் தோட்டத்துக்கு ஆள் அனுப்பிய ஊர்களும் ஒரே வட்டாரங்களில் இருந்தன. மலையில் வேறு வகையான அடிமைத்தனம் காத்திருந்தது: முன்பணக் கடன், லயத்தின் ஒற்றை அறை, பெரட்டு, கங்காணியின் பிரம்பு. ஆனால் குளிர் ஒரு விசித்திரமான உரிமையைத் தந்தது. மூணாறு கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் மேலே இருக்கிறது. அங்கே உடலை மூடாமல் வேலை செய்ய இயலாது. மூடிய உடல் நிர்வாகத்துக்கும் தேவை. கம்பளியும் பழைய கோட்டும் தலைத்துணியும் தொழிலாளியின் அன்றாட உடையாயின. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் மழைக்கும் குளிருக்கும் எதிராகக் குடை, கம்பளி, மழைக்கோட்டு வழங்குவது குறித்து விதி செய்யும் அதிகாரத்தை மாநிலங்களுக்குத் தந்தது. கீழ்நாட்டில் சாதி மறுத்த குடையைச் சட்டம் முதலாளியிடம் கேட்டுப்பெறும் பண்டமாக்கியது. ஊர்த் தடைக்கும் இச்சட்டத்துக்கும் இடையே இருபது ஆண்டுகள்தாம்.

சொந்த ஊர்த் திருமணத்துக்குப் போடி, கம்பம் வழியாகக் கோடையில் இறங்கிய தொழிலாளி இந்த இரண்டு ஒழுங்குகளுக்கும் நடுவே பயணம் செய்தார். மலையில் போட்ட கோட்டைச் சமவெளிக்குள் போட்டுக்கொண்டு நுழைவது வெயிலுக்கு மடமை. சாதிக்கோ அது அறைகூவல். நினைவுகளிலும் பழைய நிழற்படங்களிலும் கடும் வெயிலில் கோட்டணிந்து நிற்கும் கங்காணி உருவத்தைப் பட்டணத்து நாகரிகப் பித்து என்று நகைப்பது எளிது. அந்தக் கோட்டின் உள்ளே வியர்த்த உடலுக்கு அந்த வியர்வையின் விலை தெரியும். பெண்களின் ரவிக்கைக்கும் இது பொருந்தும். ஆனால் மலையிலிருந்து இறங்குவதே எல்லோருக்கும் வாய்க்கவில்லை. ஏப்ரல், மே கொழுந்து மிகுந்து வரும் மாதங்கள். கொழுந்துக் காலத்தில் விடுப்பு அரிது. திருமணத்துக்கு எதை உடுத்துவது என்பதற்கு முன்னால், போக விடுவார்களா என்ற கேள்வி.

லயத்துக்குள்ளேயே நடந்த திருமணங்களில் வெள்ளைக்கு மேலும் இரண்டு பொருள்கள் சேர்ந்தன. தேவாலயத் திருமணத்தில் தமிழ்க் கிறித்தவ மணமகள் வெள்ளைச் சேலை உடுத்தினாள். மிஷனரிகள் கொண்டுவந்த ஐரோப்பிய மணமகளின் வெண்மை, சேலைக்குள் குடிபுகுந்த வடிவம் அது. இந்து உறவினரான பாட்டிமார் மணமேடையில் வெள்ளையைப் பார்த்து முதலில் முகம் சுளித்திருப்பர் என்று ஊகிப்பது தவறாகாது. அதே மலைகளுக்கு 1940களில் ‘உணவுப் பெருக்கம்’ என்ற பெயரிலும், 1950களில் பட்டம் தாணுப்பிள்ளை அரசின் குடியேற்றத் திட்டத்தின் பெயரிலும் நாட்டுப்புறத்திலிருந்து சிரியன் கிறித்தவ உழவர்கள் வந்தனர். அவர்களின் மூத்த பெண்கள் திருமணத்துக்கு உடுத்தியது வெள்ளைச் சட்டையும் பின்புறம் விசிறிபோல மடித்த வெள்ளை முண்டும், அதன்மேல் கவணியும். மணமகளின் மந்திரகோடியோ வண்ணப் பட்டு. தமிழ்க் கிறித்தவத் திருமணத்தில் மணமகள் வெள்ளை, விருந்தினர் வண்ணம். சில மைல் தள்ளிச் சிரியன் கிறித்தவத் திருமணத்தில் மணமகள் வண்ணம், மூத்த விருந்தினர் வெள்ளை. மதம் ஒன்று, நிறவரிசை தலைகீழ்.

தேசிய இயக்கம் வெள்ளைக்கு இன்னுமொரு பொருள் ஊட்டிற்று. 1921இல் மதுரையில் காந்தி அரையாடைக்கு மாறியபின் கதர் வெள்ளை அரசியல் ஒழுக்கத்தின் நிறமாயிற்று. டி.ஆர். கிருஷ்ணசாமி ஐயர் பாலக்காட்டருகே அகத்தேத்தறையில் நிறுவிய சபரி ஆசிரமத்தில் பல சாதிக் குழந்தைகள் ஒன்றாக உண்டு, உறங்கி, நூற்றனர். 1924இல் கல்பாத்தித் தெருவில் ஈழவர் நடப்பதா என்று மோதல் எழுந்த அதே ஊரின் விளிம்பில் அது நிகழ்ந்தது. ஆணுக்குக் கதர் வெள்ளை பெருமையைத் தந்தது. பெண்ணுக்கு அது அவ்வளவு எளிதாயில்லை. கதர்ச் சேலைக்கு ஒரு வண்ணக் கரையாவது வைத்துக்கொண்டால்தான் தமிழ் வீட்டுத் திருமணத்துக்குள் நிம்மதியாகப் போகமுடிந்தது. எதிர்த்திசையில், 1945க்குப் பின் கருஞ்சட்டை அணிந்த பெரியார் தொண்டர்கள் சுயமரியாதைத் திருமணங்களில் விருந்தினராய் வரிசையாக அமர்ந்தனர். மங்கலம், அமங்கலம் என்ற பிரிவை மறுக்க, அமங்கலத்தின் உச்சமான கறுப்பையே உடுத்திச் செல்வது அவர்கள் கண்ட வழி. அந்தத் திருமணங்களைச் சட்டம் ஏற்க 1967 வரை ஆயிற்று.

1956 நவம்பர் 1 எல்லையை வரைந்தது. தேவிகுளத்தையும் பீர்மேட்டையும் தமிழகத்தோடு சேர்க்கக் கோரிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸின் போராட்டம் அங்கே வெற்றிபெறவில்லை. கன்னியாகுமரிப் பகுதியின் நான்கு வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்துக்கு வந்தன, மலைகள் கேரளத்தில் நின்றன. அதன்பின் பொன்கரை வெள்ளை மாநிலத்தின் சீருடைபோல் ஆனது: பள்ளி விழா, ஓணம், திருவாதிரைக்களி, அரசு விளம்பரம். நாயர் வீட்டு உடை ‘கேரள உடை’ ஆயிற்று. ஒருகாலத்தில் அதை உடுத்தத் தடுக்கப்பட்டவர்களின் பேத்திகளும் இப்போது அதை உடுத்துகிறார்கள். மலைத் தமிழர் ஓணத்துக்கு அதை உடுத்துவது தாங்களும் இம்மாநிலத்தவரே என்று சொல்லாமல் சொல்வதுமாகும். திருமணத்துக்கோ தமிழக வண்ணம்தான். 1950கள், 60களில் திண்டுக்கல் அருகே சின்னாளப்பட்டியிலிருந்து வந்த செயற்கைப் பட்டு அங்கே ஏழையின் பட்டாக இருந்தது. பளபளப்பைக் குறைந்த விலையில் தந்து, காற்றை உள்ளே விடாமல் அடைத்தது. பிறகு நைலக்ஸ். 2015 செப்டம்பரில் மூணாற்றுப் பெண்கள் ‘பெம்பிளை ஒருமை’யாகத் திரண்டு போனசுக்காகச் சாலையில் அமர்ந்தபோது அவர்களின் நாள்கூலி 232 ரூபாய். போனசு என்பது பெரும்பாலும் துணிக்கடைக் கடனும் பள்ளிக் கட்டணமும் தீரும் பணம். உறவினர் திருமணத்துக்கு ஒரு காஞ்சிப் பட்டு என்றால் எத்தனை நாள் கொழுந்து என்பது அந்தக் கூலியைக் கொண்டு எவரும் கணக்கிடக்கூடியதே.

அதே காலத்தில் மலையாள மணமகள் வெள்ளையைக் கைவிட்டுக் காஞ்சிப் பட்டுக்கு மாறிவிட்டாள். கோவைக் கல்லூரி மாணவியர் ஓணத்துக்கு வெள்ளை உடுத்துகின்றனர். ஈரோடு, சேலம் விசைத்தறிகளில் நெய்த ‘கேரளச் சேலை’ குத்தாம்புள்ளிக் கைத்தறியின் விலையைக் கீழே இழுக்கிறது. கணவாயின் இரு வாயிலிலும் நிறங்கள் இடம் மாறிக்கொண்டிருக்கின்றன. சிற்றூர்ப் பக்கத்துத் தமிழ்ப் பெண்கள் கோடைத் திருமணத்துக்கு ஒரு சமரசம் கண்டிருக்கிறார்கள்: சந்தன நிறப் பருத்தி, அகலமான சிவப்பு அல்லது பச்சைக் கரை, அதே நிறத்தில் ரவிக்கை, தலைநிறைய மல்லிகை, பெரிய குங்குமப் பொட்டு. சேலை வெயிலுக்கு, பொட்டும் பூவும், தன்னை யாரும் தவறாக எண்ணிவிடக் கூடாது என்பதற்கு. கணவனை இழந்த பெண்கள் அந்தச் சந்தன நிறத்தை இன்றும் எளிதில் தொடுவதில்லை. அவர்கள் திருமணங்களுக்கு இப்போது வருகிறார்கள், வண்ணத்திலேயே வருகிறார்கள். எவ்வளவு புழுக்கமானாலும் வெள்ளையைத் தவிர்த்து, நீலத்திலோ சாம்பல் நிறத்திலோ, மின்விசிறிக்கு அருகில் பின்வரிசையில் அமர்கிறார்கள்.